தலைவரின் வலது கால்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிகிறவருக்கு. மற்றது பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாத்தியாருக்கு. வண்டியைத் தான்தான் ஓட்டுகிறோம் என்று கற்றுக்கொள்கிறவர் நினைத்துக்கொள்ளலாம். வாத்தியாருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. போகிற போக்கு பிடிக்கவில்லை என்றால் வலது காலால் ஒரு மிதி. வண்டி நின்றுவிடும்.

நட்புறவுச் சங்கத்தின் தலைவர் அப்படியொரு பள்ளிக்கு முதலாளி, அதற்கு ஒரே வாத்தியாரும் அவர்தான். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையிலேயே காலம் தள்ளி, அவருடைய வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை முளைத்துவிட்டது என்று தெருவில் பேச்சு. வீட்டில் மனைவி குரலை உயர்த்தினால் கால் தரையை மிதிக்கும். டிவியில் பிடிக்காத செய்தி வந்தால் மிதிக்கும். முடிவெட்டும் கடையில் கத்தரி காதுப் பக்கம் வந்தபோது அவர் மிதித்த மிதியில் நாற்காலியின் கால்பலகை கழன்று விழுந்தது. கடைக்காரர் அதைக் கம்பி போட்டுக் கட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்சிப்பொருள் மாதிரி காட்டி வருகிறார். முகத்துக்கு நேரே ‘தலைவரே’ என்று குழைகிற அத்தனை பேரும் முதுகுக்குப் பின்னால் அவரைச் சொல்வது ‘பிரேக்கு.’

சங்கம் எதற்காக என்றால், நட்புக்காக. நம் நாட்டுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய நாட்டுக்கும் நட்பு. இரண்டும் ஜனநாயக நாடுகள். அவர்கள் ஓட்டி அலுத்த கப்பல்களை நமக்கு விற்பார்கள். நாம் வாங்கி வண்ணம் அடித்து நன்றி சொல்வோம். அவர்கள் யாரையாவது கண்டித்தால் மறுநாள் காலை நாமும் கண்டிப்போம், யாரை, எதற்கு என்று பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு. இந்த அரும்பெரும் நட்பைப் போற்றும்விதமாக, சங்கத்தார் வருஷா வருஷம் அந்த நாட்டின் சுதந்திர தினத்தை நூலக மாடி ஹாலில் கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள். நம்முடைய சுதந்திர தினத்தன்று என்ன செய்வார்கள் என்று கேட்டால், தூங்குவார்கள். லீவு நாள் ஆயிற்றே.

அதே மேடையில், கேக்குக்கு முன்னால், சங்கத்தின் தேர்தலும் நடந்துவிடும். மருந்துக்கடைக்காரர்தான் செயலாளர். தெருவில் அவர் பெயர் ‘கைதட்டி.’ அவர் மைக் முன்னால் வந்து, “நம்ம தலைவரே தொடரணும்னு நினைக்கிறவங்க கைதட்டலாம்” என்பார். சொல்லி முடிப்பதற்குள் அவரே தட்ட ஆரம்பித்துவிடுவார். கேக்கின் மேலேயே கண்ணாக இருக்கிற கூட்டமும் தட்டும். ஒருமனதாகத் தேர்வு. வேண்டாம் என்கிறவர்கள் என்ன செய்யவேண்டும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

கைதட்டலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேடையில் யாராவது நீட்டி முழக்கினாலோ, ஏடாகூடமாகப் பேச ஆரம்பித்தாலோ, தலைவரின் வலது கால் பலகையை ‘தொம்’ என்று மிதிக்கும். கைதட்டி உடனே தட்டுவார். கூட்டம் தட்டும். பேசுகிறவர் தன் பேச்சுக்குத்தான் இவ்வளவு வரவேற்பு என்று மகிழ்ந்து, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். போன வருஷம் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ஒருவர் எழுந்து, “அவங்க கொடி படுக்கை விரிப்பு சைஸுல இருக்கு, நம்ம கொடி கைக்குட்டை மாதிரி இருக்கே, ஏன்?” என்று கேட்கத் தொடங்கினார். தொம். பலத்த கரவொலி. வாத்தியார் இன்றைக்கும் தான் அன்று பிரமாதமாகப் பேசியதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படி எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தூதரகத்திலிருந்து அந்த போன் வந்தது.

இந்த வருஷ விழாவுக்குத் தூதரகத்தின் கலாசார அதிகாரி நேரிலேயே வருகிறார். அதுமட்டுமா? அவர்கள் தலைநகரத்தில் ஒரு ‘நட்பு வாரம்’ நடக்கப்போகிறது. நட்புறவுச் சங்கத்தின் தலைவர் அதற்கு அழைக்கப்படுகிறார். கூட ஒருவரை அழைத்துவரலாம். விமானம், ஓட்டல், ஊர் சுற்றல் எல்லாம் அவர்கள் செலவு. தலைவர் யார் என்பதை அதிகாரியே மேடையில் அறிவித்து, சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்துவார்.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டு தைக்கக் கொடுத்தார். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை வாங்கி, அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் முன்னறையின் நடுவில் நிறுத்திவைத்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் சோபாவுக்குப் போகவேண்டும். பெட்டி எதற்கு என்று கேட்காமல் யாரும் உட்கார முடியாது. காரில் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் இதே பாடம்தான். “கியரை மாத்துங்க. அங்கெல்லாம் கியரே கிடையாது, தெரியுமா? எல்லாம் ஆட்டோமேட்டிக்.” அங்கே என்றால் எங்கே என்று அப்பாவிகள் கேட்பார்கள். தெரு இரண்டு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் அந்த நாட்டின் சாலைகளைப் பற்றி ஒரு பிரசங்கம் முடிந்துவிடும். அந்தச் சாலைகளை அவர் பார்த்ததெல்லாம் டிவியில்.

இவ்வளவு பேருக்குச் சொன்ன பிறகு போகாமல் இருந்தால் என்ன ஆகும்? அந்த நினைப்பு வந்தாலே அவர் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

“ஏங்க, கூட ஒருத்தர் வரலாம்னு சொன்னாங்களாமே?” என்றாள் மனைவி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு காபியைக் கொண்டுவந்து வைத்தபடி.

“ஆமா.”

“யாரு வராங்க?”

“செயலாளர்.”

“அந்த மருந்துக்கடை ஆளா? அவரு எதுக்குங்க?”

“அங்க நான் பேசினா யாரு கைதட்டுறது?”

“ஏன், எனக்குக் கை இல்லையா?”

“கை இருக்கு. நேரம் பார்த்துத் தட்டத் தெரியணுமே.”

“இத்தனை வருஷமா உங்க சங்கத்துக்கு டீ போட்ட கைங்க இது. சர்க்கரை கம்மி, சர்க்கரை தூக்கல், சர்க்கரையே வேணாம்னு ஆளாளுக்குப் பார்த்துப் பார்த்துப் போட்ட கை. அந்த ஊரை ஒருதரம் நானும் கண்ணால…”

தொம். கால் தரையை மிதித்தது. அவள் அவர் காலைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் இன்னும் குடிக்கவே இல்லை.

விழாவன்று சாயங்காலம் ஹாலில் மைக்செட்காரன் வயர் இழுத்துக்கொண்டிருந்தான். மைக்செட்காரன் வேறு யாருமில்லை, தலைவரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி, தலைவருக்கு மச்சான். கல்யாணம் ஆகாதவன். மைக், ஸ்பீக்கர் பெட்டி, நாற்காலி, மேஜை, மேடைப் பலகை எல்லாம் வாடகைக்கு விடுகிற தொழில். சங்கத்துக்கு மட்டும் வாடகை கிடையாது, அத்தான் சங்கம் என்பதால். அதற்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது, விழா முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கும் உரிமை.

“அத்தான், ஒரு விஷயம்.”

“சொல்லு மாப்ளே, சீக்கிரம். கொடியை நேரா வைக்கணும்.”

“இந்த வருஷம் மேடையில ஓரமா எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கட்டுமா?”

தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நாற்காலியா? உனக்கா?”

“நாற்காலி என்னுதுதான் அத்தான்.”

“நாற்காலி உன்னுதுதான் மாப்ளே, யாரு இல்லைன்னா? மேடை சங்கத்தோடது.”

“மேடையும் என்னுதுதான். பலகை புதுசா போட்டிருக்கேன் பாருங்க.”

“அட, அப்படி இல்ல. மேடையில உட்கார்றதுக்கு ஒரு இது வேணும்.”

“எது?”

“அதான்… இது.” தலைவர் காற்றில் கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். “தவிர, மேடையில இடமும் இல்ல. நீ மைக்செட்டைப் பார்த்துக்க. அதான் முக்கியம். உன்னை நம்பித்தானே எல்லாம்.”

டீக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தம்பி அவள் பக்கம் வந்து ஒரு கோப்பையை எடுத்து உருட்டினான்.

“கேட்டியாக்கா? இது வேணுமாம்.”

“எனக்கும் அது இல்லையாம்டா,” என்றாள் அக்கா. “நீ கோப்பையை உடைக்காதே. வை.”

ஹால் நிறைந்தது. நட்பு பெருக்கெடுத்ததால் அல்ல. கேக் இந்த வருஷம் இரண்டு அடுக்கு என்று கைதட்டி கடையில் மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். மேடையின் பின்னால் இரண்டு கொடிகள், படுக்கை விரிப்பும் கைக்குட்டையும், போன வருஷம் போலவே. தலைவர் புதுக் கோட்டில் இருந்தார். தையல்காரர் தோளில் பஞ்சைத் தாராளமாக வைத்துவிட்டதால் அவர் திரும்பும்போது கோட்டு ஒரு கணம் தாமதமாகத் திரும்பியது.

தூதரகக் கார் வந்தது. கலாசார அதிகாரி என்று ஒரு இளம் பெண்மணி இறங்கினார். நம் பேச்சைப் புத்தகம் வைத்துப் படித்தவர் போலும். வாயைத் திறந்தால் அச்சடித்த தாள்தான் வெளியே வந்தது.

“தங்களைச் சந்தித்ததில் என் உள்ளம் உவகை கொள்கிறது,” என்றார் தலைவரிடம்.

“எனக்கும் அதேதான் மேடம்,” என்றார் தலைவர்.

அதிகாரியின் பின்னாலேயே கைப்பையைத் தூக்கிக்கொண்டு டிரைவரும் மேடை ஏறினார். டிரைவர் நம் ஊர் ஆள்தான். இன்னும் சொன்னால், இந்தத் தலைவரிடமே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் நாளே பால்காரர் சைக்கிள்மேல் ஏற்றியவர். ஆனால் அந்த நாட்டுக் காரை ஓட்டுகிறவர் ஆயிற்றே. தலைவருக்கு அவரை நிற்கவைக்க மனம் வரவில்லை.

“மாப்ளே! சாருக்கு ஒரு நாற்காலி கொண்டா. சட்டுனு!”

மைக்செட்காரன் தன் காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வந்து, மேடையில் போட்டுவிட்டு இறங்கினான். இடம் தாராளமாக இருந்தது. டிரைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் அக்கா இதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பூகோள வாத்தியாரின் மனைவியிடம், “பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மாளுக்கு என்ன ஏது என்று தெரியாவிட்டாலும், பார்த்தேன் என்று தலையாட்டினாள். தெருவில் அதுதான் பாதுகாப்பு.

அதிகாரி பேசினார். நட்பு பற்றி, விடுதலை பற்றி, இரண்டு நாட்டு மக்களின் இதயங்களும் ஒரே தாளத்தில் துடிப்பது பற்றி. கூட்டத்தின் இதயம் மேஜையில் மூடிவைத்திருந்த கேக்கைச் சுற்றித் துடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் மேடையை ஒருமுறை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“இம்மேடையில் ஆடவர் மட்டுமே வீற்றிருக்கக் காண்கிறேன். அடுத்த ஆண்டு இங்கே மகளிரும்…”

தொம்.

தலைவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்குப் பதிலாகக் கால் செய்தது. கைதட்டிக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், யார் பேசுகிறார்கள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். தட்டினார். கூட்டம் தட்டியது. அதிகாரி முகம் சிவந்து, நெஞ்சில் கைவைத்து, “தங்கள் அன்பு என்னை நெகிழ்விக்கிறது” என்று சொல்லிப் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டார். தலைவருக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

அடுத்து தேர்தல். கைதட்டி மைக்கைப் பிடித்தார். வெளிநாட்டு விருந்தாளி இருக்கிறாரே என்று அவருக்கு இன்று பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

“மேடம், எங்க சங்கம் நூத்துக்கு நூறு ஜனநாயகம். வருஷா வருஷம் தலைவரை மக்கள் முன்னாடிதான் தேர்ந்தெடுப்போம். ஒளிவு மறைவு கிடையாது. இந்த ஹால்ல கைதட்டினாங்கன்னா, தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு அர்த்தம். அதுக்கு அப்பீலே கிடையாது.”

“எவ்வளவு அழகிய மரபு!” என்றார் அதிகாரி. அவருடைய மேலிடம் இப்படி ஏதாவது ஒன்றைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். “போட்டியிடுவோர் யாவர்?”

“தலைவர்தான் மேடம்.”

“எதிர்த்து?”

“எதிர்த்தா?” கைதட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எதிர்த்து யாரும் கிடையாது மேடம். அவ்வளவு ஒத்துமை.”

“எங்கள் நாட்டில் போட்டி இல்லாத தேர்தலைத் தேர்தல் என்று எவரும் கூறமாட்டார். இன்று எங்கள் விடுதலை நாள் அல்லவா? எனக்காக ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.” அதிகாரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “வேறு எவரேனும் தலைவர் பொறுப்பை ஏற்க விழைகிறீர்களா?”

விருந்தாளி விளையாட்டாகக் கேட்கிறார் என்று தலைவரும் புன்னகை செய்தார். யார் எழுந்திருக்கப்போகிறார்கள்? பூகோள வாத்தியார் செருப்பைத் தேடுவதற்குக் குனிந்தபோது மட்டும் ஒரு கணம் அவருக்குத் திக்கென்றது.

“என் தம்பி நிக்கிறான்.”

முன்வரிசையில் எழுந்து நின்றது தலைவரின் மனைவி. நீலக்கரை போட்ட டீத்துண்டு இன்னும் தோளிலேயே கிடந்தது.

மூலையில் தன் மைக்செட்டுக்குப் பின்னால் நின்றிருந்த தம்பி வாயைப் பிளந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அப்படியொரு பார்வை அவன் சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தபோது பார்த்தது. வாயை மூடிக்கொண்டு, கையில் இருந்த மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

“ஆமா… நான் நிக்கிறேன்.”

“மகிழ்ச்சி!” என்றார் அதிகாரி. “இவரைத் தலைவராக ஏற்போர் உளரா?”

ஒரு ஈ, காக்கைகூட அசையவில்லை. எப்படி அசையும்? அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் தலைவரிடம் லைசென்ஸுக்குக் காத்திருப்பவர்கள். மீதிப் பேருக்குக் கைதட்டி கடையில் மருந்து கடன். எல்லோரும் கைகளை மடியில், அக்குளில், பைக்குள் என்று பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பூகோள வாத்தியார் தன் கைகள்மேல் உட்கார்ந்துகொண்டார் என்றும் சொல்கிறார்கள்.

அந்த நேரத்தில் தலைவர் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும். மச்சான் தோற்றிருப்பான், அதிகாரி தலைவர் சட்டையில் பேட்ஜைக் குத்தியிருப்பார், பெட்டியின் பிளாஸ்டிக் உறை அன்றே பிரிந்திருக்கும். இதைத் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் மச்சான் கையில் மைக் இருந்தது. மைக் கையில் இருக்கிற மனுஷன் எவன் சும்மா இருந்தான்?

“சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் நின்னுக்கிட்டுத்தாங்க இருக்கேன்,” என்றான் அவன். கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெம்பு கொடுத்தது. “உட்கார ஒரு நாற்காலி கேட்டேன், அத்தான் இடமில்லைன்னாரு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? உங்க எல்லாரைப் பத்தியும் வீட்டுல அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? கேக்குக்கு வர்ற…”

தொம்!

புதுப் பலகை அதிர்ந்தது. கைதட்டி தட்டினார். வழக்கம் வழக்கம்தானே. கைதட்டி தட்டுகிறார், அப்படியென்றால் தட்டலாம் என்று கூட்டம் தன் கைகளை மடியிலிருந்தும் அக்குளிலிருந்தும் பைக்குள்ளிருந்தும் விடுவித்துத் தட்டியது. ஒருமுறை தட்டத் தொடங்கிய பிறகு நிறுத்த யாருக்கும் மனசில்லை. முதலில் நிறுத்துகிறவன் யார் என்று யாராவது பார்த்துவிட்டால்? மச்சான் பேச்சை நிறுத்திக் கும்பிட்டான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அவனும் செய்தான்.

“ஒருமனதாக!” அதிகாரி துள்ளிக்குதிக்காத குறை. “ஒரு கை கூட ஓய்ந்திருக்கவில்லை! பழைய தலைவரே தம் காலால் தாளமிட்டுத் தொடங்கிவைத்தார், கண்டேன். என்ன பெருந்தன்மை! டிரைவர், படம் பிடித்தீர்களா?”

“பிடிச்சுட்டேன் மேடம்,” என்றார் டிரைவர். கால் தனியாக, முகம் தனியாக, இரண்டு படம்.

தலைவர் எழுந்தார். கோட்டு அவருக்குப் பின்னால் எழுந்தது.

“மேடம், ஒரு நிமிஷம். அது தேர்தல் கைதட்டல் இல்ல.”

“இல்லையா? பிறகு?”

“அது வந்து… அவன் பேச்சை நிறுத்துறதுக்குத் தட்டினது.”

“கைதட்டிப் பேச்சை நிறுத்துவீர்களா?” அதிகாரியின் புருவம் மெல்ல உயர்ந்தது. “சற்றுமுன் நான் உரையாற்றியபோதும் இதே கைதட்டல் எழுந்ததே.”

தலைவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆமாம், உங்களையும் வாயை மூடவைக்கத்தான் தட்டினோம் என்று சொன்னால் இரண்டு நாட்டு நட்பும் கந்தல். இல்லை, அது வேறு தட்டல் என்றால், அப்போது கேட்ட சத்தத்துக்கும் இப்போது கேட்ட சத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார். கைதட்டினால் தேர்தல் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்றால், இத்தனை வருஷம் அவரைத் தேர்ந்தெடுத்தது வேறு என்னவாம்? உதவிக்குக் கைதட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

கைதட்டி அங்கே இல்லை. கீழே இறங்கிப்போய் மச்சானின் தோளில் கைபோட்டு மேடைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். “வாங்கண்ணே, வாங்க. பார்த்து, படி ஆடுது.” நேற்றுவரை அவனை ‘ஏ மைக்கு’ என்று கூப்பிட்ட வாய்.

“தாங்கள் ஏதோ கூற வந்தீர்களே?” என்றார் அதிகாரி.

“வாழ்த்துச் சொல்ல வந்தேன் மேடம்,” என்றார் தலைவர்.

பேட்ஜ் மச்சானின் சட்டையில் ஏறியது. சட்டையில் கிரீஸ் கறை இருந்ததால் அதிகாரி கொஞ்சம் மேலே தள்ளிக் குத்தினார். முன்னாள் தலைவர் மனசு கேட்காமல் மைக்குக்கு வந்தார். சிரித்துக்கொண்டே, வாழ்த்துவதுபோல் ஆரம்பித்து, நடுவில் நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லிவிடுவது அவர் திட்டம். ஆரம்பித்தார். ஆனால் மைக்செட்காரன் தன் மூலையை விட்டு எங்கே போனாலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவான், அது தொழில் பழக்கம். முன்னாளின் உதடுகள் அசைந்தன, கைகள் ஆடின, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைதட்டி தட்டினார். கூட்டமும் தட்டியது. முன்னாள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் கேக். அது நன்றாகவே இருந்ததாம். மேலடுக்கு முழுக்க அந்த நாட்டுக் கொடி, கீழடுக்கின் ஓரத்தில் நம் கொடி. கைதட்டி வெட்டிக் கொடுத்ததில் நம் கொடி டிரைவர் தட்டுக்குப் போனது.

மறுநாள் காலை முன்னறையில் பெட்டியின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படும் சத்தம் கேட்டு முன்னாள் எழுந்து வந்தார். மனைவி தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவருடைய கோட்டு. தோள் பஞ்சு இரண்டும் பூனைக்குட்டிகள் மாதிரி தனியே கிடந்தன.

“என் கோட்டை என்ன பண்றே?”

“தம்பிக்குத் தோள் சின்னது. பிடிச்சுத் தைக்கணும்.”

“அவனுக்கு எதுக்கு என் கோட்டு?”

“சங்கத் தலைவர் அங்க அழுக்குச் சட்டையோட போய் நின்னா நம்ம நாட்டுக்கில்ல கேவலம்? நட்பு வாரம்ல.”

அவர் சோபாவில் உட்கார்ந்தார். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. “கூட ஒருத்தர் போகணுமே. மருந்துக்கடைக்காரனைத்தான் கூட்டிட்டுப் போறானா?”

“அந்த ஆள் வந்து ரெண்டு தடவை கேட்டுட்டுப் போயிட்டாரு. நேரம் பார்த்துத் தட்டுறதுல தம்பிக்கு அவர்மேல நம்பிக்கை இல்லையாம்.” அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். “நான் போறேன்.”

வலது கால் தரையை மிதித்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தையல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிளம்புகிற நாளன்று மச்சானின் வேன் முழுக்க யார் வீட்டு விசேஷத்துக்கோ நாற்காலிகள் ஏறியிருந்தன. அதனால் விமான நிலையத்துக்கு டிரைவிங் ஸ்கூல் காரில்தான் போகவேண்டியதாயிற்று. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கூரைமேல் ‘கற்றுக்கொள்பவர், விலகிச் செல்லவும்’ என்ற பலகையோடு கார் நின்றது. அக்கா பெட்டியோடு பின்சீட்டில் ஏறி, முடிவெட்டும் கடைக்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் கையாட்டினாள். ஸ்டீயரிங் முன்னால் முன்னாள் உட்கார்ந்தார். தன் காரில் அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது; கண்ணாடியைத் திருப்பினார், இருக்கையை இழுத்தார், மறுபடி தள்ளினார். பக்கத்து இருக்கையில், சின்னதாக்கின கோட்டும் பேட்ஜுமாக மச்சான்.

பெரிய சாலைக்கு வந்ததும் முன்னாளுக்குப் பொறுக்கவில்லை.

“மாப்ளே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அன்னைக்கு நடந்தது தேர்தலே இல்ல. நியாயமாப் பார்த்தா…”

வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்து, ஏதோ திட்டிவிட்டு ஒதுங்கிப் போனது. எதிரில் மாடும் இல்லை, மனுஷனும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. முன்னாள் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். அவை இருந்த இடத்தில்தான் இருந்தன. பிறகு பக்கத்தில் பார்த்தார். மச்சானின் பளபளக்கும் புது ஷூ பெடலின்மேல் இருந்தது.

“நல்லா பிடிக்குது அத்தான், இந்த பிரேக்கு,” என்றான் மச்சான்.

“பேசாம ஓட்டுங்க,” என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி. “பிளேன் போயிடும்.”

முன்னாள் முதல் கியரைப் போட்டார்.